அப்பாவின் நட்சத்திரம்

நேற்று இத்தாலியிலிருந்து அப்பா போன் எடுத்தார். "பிள்ளை, எங்கட டீம் திரும்பவும் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கீட்டுது." அழுதே விட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எனக்கு எட்டு வயதில், இத்தாலியில் அந்தப் பந்தாட்ட டீமின் மைதானத்தில் புல்லு வெட்டிக்கொண்டிருந்த அப்பா, "முதலாம் டிவிஷனுக்கு ஏறினால் லீவு தருவாங்கள், வாறன்" என்றார். பந்தாட்டமே பார்த்திராத அம்மா அந்த சீசன் முழுக்க, வெள்ளிக்கிழமைகளில், துறைமுகத்தடிக் கோயிலில் டீமின் பெயருக்கு அர்ச்சனை செய்தா. கற்பூரப் புகைக்குள் ஐயர் நட்சத்திரம் கேட்பார். அப்பாவின் பூரட்டாதியைச் சொல்லுவா.

டீம் ஏறியது. அப்பா வரவில்லை. அம்மாவின் செத்தவீட்டுக்கும் வரவில்லை.

"அம்மா செய்த மாதிரி ஒரு அர்ச்சனை செய்துவிடு பிள்ளை" என்றார் நேற்று.

"அம்மான்ர நட்சத்திரம் என்ன, சொல்லுங்கோ" என்று கேட்டேன்.

"நினைவில்லை பிள்ளை."