ஆளைக் கண்டால் விலகும் ட்ரோன்

லுத்ஃபி, ஆலிவ் தோப்புகள் சூழ்ந்த ஸ்ஃபாக்ஸ் நகரத்துக்காரன். ஆலிவ் காய் பறிப்பவரின் மகன். வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவன். கைபேசி பழுது பார்க்கும் வேலை போக மீதி நேரமெல்லாம், தோப்புக்கு மேல் பறந்து நோய் கண்ட மரங்களைக் காட்டும் ட்ரோனுக்கு மென்பொருள் எழுதினான். அதை இணையத்தில் திறந்து வைத்தான். யாரும் எடுக்கலாம், மாற்றலாம், எதற்கும் பயன்படுத்தலாம் என்பது அதன் உரிமம். சந்தேகம் கேட்பவரிடம் ‘நீ யார்’ என்று கேட்காமல் உதவுவது அந்தத் திறந்த மென்பொருள் உலகத்து வழக்கம். அதில் அவனுக்குப் பெருமை.

ஒருநாள் அந்த மென்பொருளின் இணையப் பக்கத்தில் முகம் தெரியாத ஒருவர் கேட்டிருந்தார்: “ஆள் அருகில் போனால் ட்ரோன் விலகுகிறது. எப்படி நிறுத்துவது?”

ஏணியில் நின்று காய் பறிப்பவர்கள்மீது மோதக்கூடாதென்று லுத்ஃபி செய்திருந்த ஏற்பாடு அது. கிளையை ஆளென்று நினைத்துத் தடுமாறுகிறது போலும் என்றெண்ணி, நீக்கவேண்டிய வரிகளைக் காட்டிக்கொடுத்தான்.

அடுத்த வாரம் அந்த ஆள் நன்றி சொல்லி, ட்ரோன் எடுத்த ஒரு காணொளி போட்டார். சாலையில் ஒருவன் ஓடுகிறான். ட்ரோன் விலகவில்லை. அவன்மேல் மோதி வெடிக்க, படம் வெளுத்து அறுந்தது.

லுத்ஃபி அதைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தான். வக்கீல் அலுவலகத்தில் வேலை பார்க்கும் தங்கை ராவ்தா உள்ளே வந்தாள்.

“என்னண்ணா, பேயறஞ்ச மாதிரி உக்காந்திருக்க? எவளாச்சும் மாட்டேன்னுட்டாளா?”

அவன் திரையைத் திருப்பினான். அவள் சிரிப்பு நின்றது.

“இதுக்கா சொல்லிக் குடுத்த?”

“தோப்புன்னு நெனச்சேன்டி.”

“எதுக்குன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?”

“நாங்க யாரும் கேக்கமாட்டோம். ராவ்தா, உரிமத்தைத் திருப்பி வாங்க முடியுமா?”

அவள் படித்துப் பார்த்தாள். “எதுக்கு வேணும்னாலும்னு நீதானே எழுதியிருக்க? குடுத்தது குடுத்ததுதான். இனிமே எழுதறதுக்கு வேணா தடை போடு.”

“ஆளைக் கொல்றதுக்குன்னு நான் நெனக்கவே இல்லையே!”

“நெனச்சத எங்கண்ணா எழுதியிருக்க?”

நல்லவனாக இருந்ததுதான் தப்பா, யோசிக்காமல் நல்லவனாக இருந்ததா? அவனுக்கே பிடிபடவில்லை.

பழையதை எடுத்துவிட்டு, ஆயுதத்துக்குக் கூடாது என்ற நிபந்தனையோடு புதிய பதிப்பைப் போட்டான். நிபந்தனை போட்டால் இது திறந்த மென்பொருளே இல்லை என்று, இணையத்தில் அதை அவனோடு சேர்ந்து எழுதியவர்கள் திட்டினார்கள். பொறுத்துக்கொண்டான்.

மறுநாள் அதே ஆள் கேட்டிருந்தார்: “பழைய பதிப்பு யாரிடமாவது இருக்கிறதா?”

லுத்ஃபி பதறி அந்தக் கேள்வியை அழிக்கப் போனான். கீழே, எந்த நாட்டுக்காரரோ, பதில் போட்டிருந்தார்: “என்னிடம் இருக்கிறது நண்பரே, இதோ.” பக்கத்தில் ஒரு புன்னகை முகம்.