ஏணியில் தொங்கியவர்

எழுபதுகளில் ஒரு மழைக்காலம். வண்டன்மேட்டுக்குப் போகும் வழியில் எங்கள் பஸ் சேற்றில் புதைந்துகொண்டது. எல்லோரும் இறங்கித் தள்ளினோம். ஒருவர் தள்ளும்போது இன்னொருவர் மூச்சு வாங்கினார், பஸ் அசையவில்லை.

மெலிந்த மனிதர் ஒருவர் மட்டும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்பக்க ஏணியில் ஏறினார். பஸ்ஸில் முதுகைச் சாய்த்து, எங்களைப் பார்த்தபடி நின்றார்.

"நாங்க தள்ளுதோம், நீங்க பாரமா தொங்குதீகளே," என்றார் ஏலத்தோட்டத்தில் வேலை செய்யும் ஓர் அம்மா.

"ஆலப்புழை வள்ளத்திலயும் ஞான் துடுப்பு போடறதில்ல, சேச்சி. பாட்டுதான் என்டெ ஜோலி."

படகுப் பந்தயத்தில் துடுப்புக்காரர்களுக்குத் தாளம் கொடுப்பவராம். குதிகாலால் தகரத்தில் தட்டிக்கொண்டே பாடத் தொடங்கினார். பாட்டு எங்களுக்குப் புரியவில்லை. ஆனாலும் தட்டு விழும்போதெல்லாம் எங்கள் தோள்கள் தாமாக ஒன்றுசேர்ந்தன. பஸ் மேடேறிவிட்டது.

பிறகு அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "உங்க படகு ஜெயிச்சிருக்கா?" என்று கேட்டேன்.

"ஜெயிச்சிருக்கு. ஆனா ஞான் கண்டதில்ல. எல்லைக்கம்பம் என்டெ முதுகுப் பக்கமல்லே. துடுப்பு போடறவங்க முகத்தைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்குவேன்."

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. சக்கரம் சேற்றைவிட்டு எழும்புவதற்கு முன்பே அவர் எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டிருந்தார்.