மாதையன் கழற்றிய வால்வு

விரலைத் தொட்டித் தண்ணீரில் நனைத்து நாக்கில் வைத்துக் கண்ணை மூடுகிறார் மாதையன். "முப்பத்தஞ்சு." அதற்குப் பிறகுதான் உப்பளவு பார்க்கும் கருவியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, ஒரு சொட்டு விட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் ஒற்றைக் கண்ணால் பார்க்கிறார். கருவி முப்பத்து நான்கரை என்கிறது. "கண்ணாடி அழுக்கா கீது சார்" என்று அதை வேட்டியில் துடைக்கிறார். நாக்கைச் சந்தேகப்படும் வழக்கம் அவருக்கு இல்லை.

கலசப்பாக்கத்திலிருந்து ஜவ்வாது மலைக்கு ஏறும் சாலையில், நெல் வயல்கள் முடியும் இடத்தில் இருக்கிறது அவர் ஊர். வயது ஐம்பத்தாறு. போர்வெல்லில் மாட்டிக்கொண்ட மோட்டாரைத் தூக்கிச் சரிசெய்து இறக்குவது தொழில். எந்தக் கிணற்றிலிருந்து குழாய் மேலே வந்தாலும் முதலில் அதை நக்கிப் பார்ப்பார். என் வீட்டு மோட்டாரைத் தூக்கிய அன்றும் அப்படித்தான். "இந்தத் தண்ணில பருப்பு வேவாதே சார்" என்றார். ஆறு வருஷமாக மளிகைக் கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருந்த என் மனைவி அன்றோடு நிறுத்திக்கொண்டாள். இப்போது என்னைத் திட்டுகிறாள், இந்த இடத்தில் வீடு கட்டியதற்காக.

கடலை அவர் வாழ்க்கையில் இரண்டு முறை பார்த்திருக்கிறார். இரண்டு முறையும் காலை மட்டும் நனைத்துக்கொண்டு திரும்பிவிட்டாராம். அப்படிப்பட்டவர் வீட்டுக் கூடத்தில் நாலடிக் கண்ணாடித் தொட்டி நிறையக் கடல் இருக்கிறது. வேலூரில் ஓர் ஓட்டலை மூடியபோது மோட்டாரைக் கழற்றப் போனார். வரவேற்பறைத் தொட்டியில் இரண்டு கோமாளி மீன்களும், கல்லில் ஒட்டிய மென்பவளங்களும் கேட்பாரற்றுக் கிடந்தன. கூலிக்குப் பதிலாகத் தொட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். மனைவி நீலாவதி வாசலிலேயே மறித்து, "இத கொயம்பு வைக்க முடியுமா?" என்று கேட்டாராம். முடியாது என்று தெரிந்ததும் உள்ளே போய்விட்டார். அது நாலு வருஷத்துக்கு முந்தைய கதை.

தொட்டிக்கு ஒரு சம்ப் கட்ட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. சம்ப் என்றால் நமக்கு வாசலுக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி. இது தொட்டிக்குக் கீழே, அலமாரிக்குள் உட்காரும் இன்னொரு கண்ணாடிப் பெட்டி. மேல் தொட்டியின் பின்கண்ணாடியில் ஓட்டை போட்டால், நிரம்பும் தண்ணீர் குழாய் வழியாகச் சம்புக்கு இறங்கும். அங்கே அழுக்கைக் கழித்துவிட்டு, சின்ன மோட்டார் ஒன்று மறுபடி மேலே ஏற்றிவிடும். எதற்கு இந்த வேலை என்று கேட்டேன். "தண்ணி ஜாஸ்தியா இருந்தா நம்ம தப்பு கம்மியா தெரியும் சார்" என்றார். எனக்குக்கூட வீட்டில் ஒரு சம்ப் தேவைப்படும் போலிருக்கிறது.

ஓட்டை போட்ட அன்று மீன்கள் நீல டிரம்மில் இருந்தன. காலித் தொட்டியைக் கோணிமேல் படுக்கவைத்து, வைரப்பொடி பூசிய வட்ட ரம்பத்தை டிரில்லில் மாட்டி, அழுத்தாமல் சுற்ற விட்டார். கண்ணாடி சூடாகாமல் இருக்க நீலாவதி சொம்பிலிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தார். முக்கால் மணி நேரம். வட்டத் துண்டு கழன்று விழுந்தது. அந்தத் துண்டை இன்றும் நீலாவதி தயிர்ச் சட்டிக்கு மூடியாக வைத்திருக்கிறார்.

எல்லாம் சரியாகத்தான் செய்தார். ஒன்றைத் தவிர. கரண்ட் நின்றால் ஏற்றுகிற குழாய் வழியாகவே தண்ணீர் கீழே திரும்பும். அதைத் தடுக்க ஓர் என்.ஆர்.வி போட்டார். தண்ணீரை மேலே மட்டும் விட்டு, திரும்பி வராமல் அடைத்துக்கொள்ளும் ஒருவழி வால்வு அது. போர்வெல்லில் அது இல்லாமல் அவர் ஒரு குழாயையும் இறக்கியதில்லை. "முப்பத்தெட்டு வருசமா போடறேன். ஒரு நாளும் மோசம் பண்ணதில்ல" என்றார். அந்த நம்பிக்கையில் குழாயின் வாயைத் தொட்டியின் பாதி ஆழத்தில் வைத்தார். கரண்டை நிறுத்திப் பார்க்கக்கூட இல்லை. வேறு யாராவது கட்டியிருந்தால் நிறுத்திப் பார்த்திருப்பார்.

வைகாசியில் மின்வாரியப் பராமரிப்புக்காக ஒரு நாள் பகல் முழுக்க கரண்ட் இல்லை. மாதையன் கணியம்பாடியில் மோட்டார் தூக்கிக்கொண்டிருந்தார். நீலாவதி கழனியில். தொட்டியிலிருந்த விரல்நுனி அளவு நத்தை ஒன்று வால்வுக்குள் புகுந்து, அதன் மூடியை முழுதாக மூட விடாமல் உட்கார்ந்துகொண்டது. போர்வெல்லில் நத்தை கிடையாது. பாதித் தொட்டித் தண்ணீர் சம்புக்கு இறங்கி, சம்ப் வழிந்து, கூடத்தில் பரவி, சுவரோரம் இருந்த இரண்டு மூட்டை விதைநெல்லை நனைத்தது.

நீலாவதியின் விதை அது. பதினோரு வருஷமாக ஒவ்வோர் அறுப்பிலும் தானே கதிர் பார்த்துப் பொறுக்கி எடுத்துவைக்கும் தூயமல்லி. சாயங்காலம் வந்து பார்த்த மாதையன் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். "நீயே உப்புத் தண்ணில போட்டுத்தான பதர எடுப்ப?" என்றார்.

"அது ஒரு நிமிஷம். ஒடனே மூணு தண்ணி ஊத்திக் கழுவிடுவேன். இது ஏழு மணி நேரம் ஊறிக் கெடக்குது" என்றார் நீலாவதி. நூறு நெல்லை எண்ணி ஈரத்துணியில் முடிந்துவைத்தார். நாலாம் நாள் முப்பத்தொன்று முளைத்திருந்தது. அந்தத் துணியை அவர் கணவரின் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் விரித்து வைத்துவிட்டுப் போனார். மாதையன் அன்று சாப்பிடவில்லை. மேல் கல்லில் இருந்த பவளமும் காற்றில் காய்ந்து பாதி கரைந்துபோயிருந்தது. அதைப் பற்றி அவர் வீட்டில் பேசவே இல்லை.

போன வருஷம் தங்கையிடம் வாங்கி விதைத்த நீலாவதியின் அண்ணன் குமரேசன், அடுத்த தெருவில் இருப்பவர், அதே விதையில் ஒரு மூட்டை தருவதாகச் சொன்னார். நீலாவதி அதை எடுத்து வரவில்லை. வீட்டில் மழைக்கு ஒழுகாத இடம் அந்தக் கூடம் ஒன்றுதான். "நம்ம கழனிக்கு வெத நம்ம வூட்டுல இருந்துதான் போவணும். பொறந்த வூட்டுல இருந்து போனா ஊரு சிரிக்கும். ஆடி பதினெட்டுக்குள்ள மூட்டை உள்ள வரணும். இல்ல, தொட்டி வெளிய போவணும். இன்னா சொல்றீங்க?" என்றார்.

 மறுநாள் மாதையன் ரம்பத்தை எடுத்து, குழாயை அறுத்து, வால்வை வெளியே எடுத்தார். நான் அப்போது பக்கத்தில் இருந்தேன். வேறு நல்ல வால்வு போடலாமே என்றேன், ஏதோ தெரிந்தவன்போல. "இல்ல சார். இனிமே எதையும் நம்பி வைக்கக் கூடாது. கெட்டுப்போறதுக்கு அங்க ஒரு சாமானே இருக்கக் கூடாது" என்றார். முப்பத்தெட்டு வருஷப் பழக்கத்தை ஒரு மனிதர் ரம்பத்தால் அறுப்பதைப் பார்த்தது எனக்கு அதுதான் முதல் தடவை. 

குழாயின் வாயைத் தண்ணீர் மட்டத்துக்கு ஒட்டி மேலே தூக்கினார். அதன் கழுத்தில் இரண்டு சின்ன ஓட்டைகள் போட்டார். தண்ணீர் இரண்டு விரற்கடை இறங்கியதும் ஓட்டை வழியாகக் காற்று புகுந்து, இழுப்பு அறுந்துவிடும். அதுவரை இறங்குகிற தண்ணீரைச் சம்ப் தாங்க வேண்டும். இதற்கு மேல் ஏறக் கூடாது என்று சம்பின் விளிம்புக்குக் கீழே சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு போட்டார்.

கரண்டை நிறுத்திச் சோதித்தார். நீலாவதி ஒப்புக்கொள்ளவில்லை. "நீங்க அணைச்சா பாத்துப் பாத்து அணைப்பீங்க. கரண்டு சொல்லிக்கினா போவுது?" அன்றிலிருந்து மெயின் சுவிட்ச் அவர் பொறுப்பு. மாதையன் சோற்றில் கை வைத்திருக்கும்போது நிறுத்துவார். பாதிச் சவரத்தில் நிறுத்துவார். நுரை முகத்தோடு ஓடிவந்து அலமாரி முன்னால் குந்துவார் மாதையன். ஒவ்வொரு தடவைக்கும் சுவரில் ஒரு கரிக்கோடு. பதினான்காவது தடவை பாசி பிடித்து ஓட்டை அடைத்துக்கொண்டது. தண்ணீர் நகப்பூச்சைத் தாண்டி ஒரு விரல் ஏறி நின்றது. தரைக்கு வரவில்லை. ஆனாலும் பதினான்கு கோட்டையும் மாதையனே ஈரத்துணியால் அழித்துவிட்டு, முதலிலிருந்து ஆரம்பித்தார். அது முதல் வெள்ளிக்கிழமைதோறும் நீலாவதியின் வளையலில் தொங்கும் ஊக்கை வாங்கி ஓட்டைகளைக் குத்திச் சுத்தம் செய்கிறார்.

ஆடி பதினாறு. மறுபடி பராமரிப்பு நாள். காலை ஒன்பதுக்கு நான் போனபோது சுவரில் இருபத்தாறு கோடுகள் இருந்தன. மூட்டை வந்தால் வைப்பதற்கென்று மாதையன் அதன் பழைய இடத்தில் நாலு சிமென்ட் கல் அடுக்கி, மேலே பலகை போட்டு, தண்ணீர் வழிந்தாலும் எட்டாதபடி முழங்கால் உயரத்துக்கு மேடை கட்டியிருந்தார். நீலாவதி அலமாரிக் கதவைத் திறந்துவைத்து எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். யாரும் காபி தரவில்லை, நானும் கேட்கவில்லை.

ஒன்பது பத்துக்கு விசிறி நின்றது. மோட்டார் சத்தமும் நின்றது. சம்பில் தண்ணீர் மெல்ல ஏறியது.  மேலே குழாயின் கழுத்தில் காற்று உறிஞ்சும் சத்தம் கேட்டது. தண்ணீர் சிவப்புக் கோட்டுக்கு ஒரு விரல் கீழே நின்றது. "பாத்தியா நீலா?" என்றார் மாதையன்.  நீலாவதி அரை மணி நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து வெளியே போனார். மாதையன் தரையைத் தொட்டு விரலை நாக்கில் வைத்துப் பார்த்தார், உப்புக் கரிக்கிறதா என்று.

நீலாவதி திரும்பி வந்தபோது தலையில் மூட்டை இருந்தது. மாதையன் இறக்கக் கை நீட்டினார். "இருங்க" என்று சொல்லி, மூட்டை தலையில் இருக்கும்போதே மேடைப் பலகையைக் காலால் தள்ளிக் கீழே இறக்கினார். நாலு கற்களையும் ஒவ்வொன்றாகக் காலால் சுவரோரம் ஒதுக்கினார். பலகையை அலமாரிக்கு ஒட்டித் தரையில் கிடத்தி, அதன்மேல் விதைநெல்லை இறக்கி வைத்தார்.