இரண்டு கால், ஒரே சூடு

புறங்கையை முதலில் வலது பாதத்தில் வைப்பார், அப்புறம் இடது பாதத்தில். அதற்குப் பிறகுதான் பையிலிருந்து வெப்பமானி வெளியே வரும். கொரோனாக் காலத்தில் தொழிற்சாலை வாசலில் எல்லோர் நெற்றிக்கும் துப்பாக்கி மாதிரி நீட்டினார்களே, அதே சாமான்தான். விஜயலெட்சுமி இப்போது அதைக் காலுக்கு நீட்டுகிறார்.

இலங்கை மலைநாட்டில் ஹல்துமுல்லைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் மருந்தக உதவியாளர். சனிக்கிழமைகளில் தொழிலாளர் வீட்டு வரிசைகளான லயங்களுக்குப் போய், சீனி வருத்தம் என்கிற நீரிழிவுக்காரர்களின் பாதங்களை அளப்பார். போனவுடன் அளக்கமாட்டார். ஆளை அடுப்படியிலிருந்து எழுப்பி, கால் மணி நேரம் வெறுங்காலோடு வாங்குப் பலகையில் உட்கார வைப்பார். "அடுப்புக்கிட்ட காலை நீட்டிக்கிட்டு இருந்துட்டு வந்தா, நான் அடுப்பைத்தான் அளக்கணும்" என்பார்.

மலைக்குளிரில் இரண்டு காலும் சில்லென்றிருப்பது வழக்கம்தான். ஒரு கால் மட்டும் இரண்டு டிகிரிக்கு மேல் கூடுதலாகச் சுட்டால், உள்ளே ஏதோ கெடத் தொடங்கியிருக்கிறது என்பது அவர் கணக்கு. வெளியே கீறல்கூட இருக்காது. சீனி நரம்பைக் கெடுத்துவிடுவதால் வலியும் தெரியாது. வலிக்காத காலை நோயென்று நம்பவைப்பது லேசுப்பட்ட காரியமா? அம்மணிக்கு வாய் கொஞ்சம் நீளம், அதனால் சமாளிக்கிறார்.

போன சனிக்கிழமை நானும் கூடப் போனேன். தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டும் தங்கராஜாவுக்கு இடது கால் இருபத்தெட்டு, வலது கால் முப்பத்தொன்றரை. மூன்று தடவை அளந்தும் அதேதான்.

"மாமா, வலது காலை ஊனாதீங்க. திங்கக்கெழமை காலையில பதுளை கிளினிக்குக்குப் போயே ஆகணும்."

"வலிக்கவே இல்லையே பிள்ள. இன்னும் நாலு நாள்ல இந்த மலையில கவ்வாத்து முடிஞ்சிரும். முடிச்சுட்டுப் போறேன்."

"கருப்பம்மா அக்காவும் நாலு நாளுன்னுதான் சொன்னாங்க."

அடுத்த லயத்துக் கருப்பம்மாவுக்கு முழங்காலுக்குக் கீழே இப்போது ஒன்றுமில்லை. தங்கராஜா சிரித்தார். "அதுக்கு ஆனா எனக்கும் ஆகணுமா? போயிட்டு வா பிள்ள." விஜயலெட்சுமி கிளினிக்குக்கு எழுதிக் கொடுத்த துண்டை மடித்து, சாமிப் படத்துக்குப் பின்னால் செருகினார்.

வாசலில் தங்கராஜாவின் ரப்பர் சப்பாத்துகள் ஜோடியாக நின்றன. அவை இல்லாமல் கத்தி வேலைக்கு வருகிறவனைக் கங்காணி திருப்பி அனுப்பிவிடுவார். விஜயலெட்சுமி குனிந்து வலது கால் சப்பாத்தை மட்டும் எடுத்தார். தன் பைக்குள் திணித்து, சிப்பை இழுத்து மூடிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடந்தார்.