பெட்டகம் விற்ற பூட்டுக்காரர்

தெருவில் யார் வீட்டுக் கதவு அடைத்துக்கொண்டாலும் முதலில் கூப்பிடுவது பூட்டுக்காரரைத்தான். அவர் வருவார், கதவைப் பார்ப்பார், இப்படியொரு பூட்டை வாங்கியவரின் அறிவைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்வார், அப்புறம்தான் பையைத் திறப்பார். வேலைக்குத்தான் கூலி, திட்டு இலவசம்.

மருந்துக்கடைக்கும் சலவைக்கடைக்கும் நடுவில், ஆள் பக்கவாட்டில் நுழைகிற அகலத்தில் அவர் கடை. உள்சுவரில் ஒரு பலகை. அதில் ஆணி அடித்து, தெருவில் பாதிப் பேரின் மாற்றுச் சாவிகளை மாட்டி வைத்திருந்தார். வெளியூர் போகிறவர்களும், சாவியைத் தொலைப்பதையே பழக்கமாகக் கொண்டவர்களும் அவரிடம் கொடுத்து வைத்தவை. தன்னை விஞ்சிய கெட்டிக்காரன் அந்த வட்டாரத்தில் கிடையாது என்பதால்தான் சாவிகள் தன்னைத் தேடி வந்தன என்று அவர் நம்பினார். அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டே மதியச் சாப்பாடு சாப்பிடுவார். மற்றவர்கள் டி.வி. பார்ப்பார்கள்.

அவர் மனைவி வீட்டு முன்னறையில் குழந்தைகளுக்குக் கவுன் தைத்து போன் மூலமாக விற்பவர். ஏமாறுவதில் அந்த அம்மாளுக்குக் கொஞ்சமும் நாட்டமில்லை. பணம் அனுப்பிவிட்டேன் என்று யாராவது படம் அனுப்பினால், படம் அழகாக இருக்கிறது என்று பதில் போட்டுவிட்டு, தன் கணக்கில் பணம் ஏறியதைத் தானே பார்த்த பிறகுதான் துணியில் கத்தரி வைப்பார். முகம் தெரியாதவர்கள் என்றால் விற்பனை ஆப் வழியாகத்தான் பணம். ஆப்காரன் பணத்தை வாங்கித் தன்னிடம் வைத்திருந்து, பொருள் போய்ச் சேர்ந்ததும் இவருக்கு விடுவான். அதற்கு ஒரு கமிஷன். நிம்மதிக்குக் கொடுக்கிற வாடகை என்பார் மனைவி. பயந்தாங்கொள்ளிக்கு விதித்த அபராதம் என்பார் கணவர்.

இந்த நிலையில்தான் பூட்டுக்காரர் பெட்டகம் விற்கக் கிளம்பினார். மூடிப்போன ஓர் அலுவலகத்திலிருந்து அடிமாட்டு விலைக்கு வாங்கிய இரும்புப் பெட்டகம் அது. பழுது பார்த்து, பெயின்ட் அடித்து, கடையில் நிறுத்தியதிலிருந்து அவர் ஒரு முழங்காலை அதில் இடித்துக்கொண்டேதான் வேலை செய்தார். மனைவி விற்கிற அதே ஆப்பில் படம் போட்டார். பணத்தையும் ஆப் வழியாகவே வாங்குங்கள் என்று மனைவி தலைபாடாக அடித்துக்கொண்டார். நடுவில் நிற்பவனுக்கு எதற்குப் பங்கு என்று, பெட்டகத்தின் மேலேயே தன் போன் நம்பரைச் சாக்பீஸால் எழுதிப் படம் எடுத்துப் போட்டார் இவர்.

மறுநாளே ஒருவன் கூப்பிட்டான். மரச்சாமான் வியாபாரியாம். மூச்சுக்கு ஒரு சார் போட்டான். சொன்ன விலைக்குச் சரி என்றான். பேரம் இல்லை, எடை எவ்வளவு என்று கேட்கவில்லை, பூட்டு வேலை செய்கிறதா என்றுகூடக் கேட்கவில்லை. பூட்டுக்காரர் இதை வீட்டில் பெருமையாகச் சொன்னபோது மனைவி ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார்.

"இரும்புப் பெட்டி வாங்குறவன் எடை கேக்கலைன்னா, அவன் தூக்கிட்டுப் போகப் போறது பெட்டியை இல்லைங்க."

உனக்கு ஊரில் எல்லாருமே திருடன்தான் என்று சொல்லிவிட்டு அவர் கடைக்குப் போய்விட்டார்.

கடை திறந்த சற்று நேரத்தில் வியாபாரி மறுபடியும் அழைத்தான். வண்டி கிளம்பிவிட்டது, அதற்கு முன்னால் பணத்தை அனுப்பிவிடுகிறேன் என்றான். போனில் கட்டம் கட்டமாக ஒரு க்யூஆர் கோடு வந்தது. அதை ஸ்கேன் பண்ணி, பின் நம்பரைப் போட்டால் பணம் வந்து விழுமாம்.

வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்தில் ஒரு கணம் யோசித்திருக்கலாம். வரப்போகிற பணத்துக்கு நம் ரகசிய எண் எதற்கு? பூட்டுக்காரருக்கு அந்தச் சந்தேகம் வரவில்லை. வராமல் தடுத்தது அவர் தொழில். பெட்டகத்திலிருந்து எடுப்பதற்கும் சாவி வேண்டும், உள்ளே வைப்பதற்கும் சாவி வேண்டும். திறக்காமல் எப்படி வைப்பது? காலமெல்லாம் கையால் செய்த வேலை அவருக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தது. போதாக்குறைக்கு இந்தத் தத்துவத்தை அவர் வியாபாரிக்கே விளக்கினார். அந்தப் பாவி சிரிப்பை எப்படி அடக்கினானோ, கரெக்டாகச் சொன்னீர்கள் சார் என்றான்.

எண்ணைப் போட்டார். போன் டிங் என்றது. உங்கள் பக்கம் சிக்கிக்கொண்டது சார், இன்னொரு தடவை போடுங்கள் என்றான் அவன். முதல் தடவை திரும்பாத சாவியை மறுபடி திருப்பிப் பார்ப்பதுதானே தொழில். மறுபடியும் போட்டார். மறுபடியும் டிங். அதன் பிறகு வியாபாரியின் போன் அணைந்துவிட்டது.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு செய்திகளையும் படித்தார். இரண்டிலும் பணம் போயிருந்தது. சாவி வெட்டும் புது மெஷினுக்காகச் சேர்த்து வைத்திருந்த பணம் அது.

எதிர்ச்சாரியில்தான் வங்கி. சத்தம் போட்டுக் கூப்பிட்டாலே கேட்கும் தூரம். அவர் போகவில்லை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு முக்காலியில் உட்கார்ந்தார். வங்கிக்குப் போனால் வாசல் காவலாளிக்குத் தெரியும். காவலாளிக்குத் தெரிந்தால் டீக்கடைக்குத் தெரியும். டீக்கடைக்குத் தெரிந்த பிறகு தண்டோரா எதற்கு? தன் பணத்தையே பூட்டி வைக்கத் தெரியாதவனிடம் யார் வீட்டுச் சாவியைக் கொடுப்பார்கள்? படிப்பு இல்லை, சொத்து இல்லை, அவருக்கென்று இருந்த மதிப்பெல்லாம் அந்தப் பலகையில்தான் தொங்கியது. அது காலியாகிவிட்டால்? திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்த முடியாது என்பார்கள். இங்கே திருட்டுக் கொடுத்தவனுக்கு அந்தக் கதி.

மனைவி சாப்பாட்டோடு வந்தபோதும் அவர் அப்படியேதான் இருந்தார். வயிறு சரியில்லை என்றார். அந்த அம்மாள் வயிற்றைப் பார்க்கவில்லை, போனை வாங்கிப் பார்த்தார். முகம் ஒரு மாதிரி ஆனது.

"திட்டுறதை வீட்டுக்குப் போய் வச்சுக்கலாம். முதல்ல எந்திரிங்க."

வங்கியில் கூட்டம். கவுன்ட்டர் பெண்ணிடம் பூட்டுக்காரர் குனிந்து குசுகுசுத்தார். கேட்கவில்லை, சத்தமாகச் சொல்லுங்கள் என்றாள் அவள். சொன்னார். வரிசை மொத்தமும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டது. பக்கத்து மருந்துக்கடை அம்மாவும் அந்த வரிசையில்தான் நின்றார். இனி மறைக்க ஒன்றும் பாக்கியில்லை.

அந்தப் பெண் எங்கெங்கோ போன் போட்டாள், புகாரைப் பதிந்தாள். இரண்டாவது தொகை வியாபாரியின் கணக்கிலேயே இருந்தது. அதை எடுக்க முடியாதபடி நிறுத்திவிட்டார்கள், நடைமுறை முடிந்ததும் திரும்பி வரும். முதல் தொகையைச் சற்று முன்புதான் எடுத்திருந்தான். பணம் போனவுடனே வந்திருந்தால் இரண்டையும் பிடித்திருக்கலாம் சார் என்றாள். பூட்டுக்காரர் தன் பெட்டகத் தத்துவத்தை அவளிடமும் மென்று விழுங்கிச் சொல்லிப் பார்த்தார்.

"பணம் வாங்க பின் நம்பரே வேண்டாம் சார். உண்டியல்ல காசு போட யாராவது சாவி கேப்பாங்களா?"

உண்டியலுக்கும் பூட்டுப் போட்டுக் கொடுத்த மனிதர், புகார்ச் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

கடைக்குத் திரும்பியதும் முதல் வேலையாகப் பலகையிலிருந்து சாவிகளைக் கழற்றி ஒரு தகர டப்பாவில் போடத் தொடங்கினார். மனைவி என்ன சொல்லியும் நிறுத்தவில்லை. அப்போது மருந்துக்கடை அம்மா எட்டிப் பார்த்து, என்ன செய்கிறீர்கள் என்றார்.

"நீங்கள்லாம் வந்து கேக்குறதுக்கு முன்னாடி நானே குடுத்துடுறேம்மா. ஏமாந்தவன்கிட்ட சாவி எதுக்கு?"

அந்த அம்மாவுக்கு உண்மையிலேயே புரியவில்லை. டாக்டரின் மருந்துச் சீட்டைப் படிப்பதுபோல அவரைப் பார்த்தார்.

"அண்ணே, நீங்க கெட்டிக்காரர்ங்கிறதுக்காகவா நாங்க சாவி குடுத்தோம்? எங்க வீட்டுல ஒண்ணையும் நீங்க எடுக்க மாட்டீங்கன்னுதானே குடுத்தோம்."

சொல்லிவிட்டு, கடையில் ஆள் நிற்கிறது என்று போய்விட்டார்.

பூட்டுக்காரருக்கு முதலில் கோபம்தான் வந்தது. அப்படியென்றால் இத்தனை நாளும் தெருவில் ஒருவர்கூடத் தன்னைக் கெட்டிக்காரன் என்று நினைத்ததில்லையா? மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறப்பதில் மும்முரமாக இருந்தார், தோள் மட்டும் குலுங்கியது. அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. அத்தனை நேரம் ஷட்டருக்குப் பின்னால் ஒளிந்து, முதல் தொகையைப் பறிகொடுத்து, அவர் காப்பாற்றிக்கொண்டிருந்தது யாருமே அவருக்குக் கொடுக்காத ஒரு பட்டத்தை. கொடுத்திருந்த பட்டம் வேறு. அதைத் திருட எந்த வியாபாரியாலும் முடியாது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அழுகையா சிரிப்பா என்று அவருக்கே விளங்கவில்லை. டப்பாவிலிருந்து சாவிகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி மாட்டத் தொடங்கினார்.