புஷ்பவள்ளியின் முளைப்பாரி

மலேசியாவில் சிம்பாங் ரெங்கம் ஊருக்கு வெளியே இருக்கும் எங்கள் அம்மன் கோயிலுக்குப் பன்னிரண்டு வருடமாக முளைப்பாரி வளர்த்தவர் புஷ்பவள்ளி அக்கா. பள்ளிக்கூடத்தில் கூட்டிப் பெருக்கும் வேலை. காப்புக் கட்டிவிட்டால் கறி, மீன் தொடமாட்டார். நவதானியத்தைச் சட்டியில் விதைத்து, இருட்டறையில் வைத்து, ஆற்றுத் தண்ணீர் தெளிப்பார். பைப் தண்ணீர் ஆகாது என்பது எங்கள் கோயில் வழக்கம். பயிர் உயர்ந்தால் ஊருக்கு நல்லது. குன்றினால் வளர்த்தவள் தலையில்தான் பழி விழும்.

இந்த வருடம் குன்றியது. ஒன்பதாம் நாள் ஒரு சாண் நிற்க வேண்டிய பயிர் இரண்டு விரற்கடைகூட இல்லை. வேர் மண்ணில் இறங்கவே இல்லை.

கோயில் தலைவர் மணியம் அத்தனை பேர் முன்னாலும் கேட்டார். "அக்கா, விரதம் ஒழுங்கா இருந்தீங்களா? வீட்ல ஏதும் தீட்டா?"

ஐம்பத்தெட்டு வயது மனுஷியிடம் கேட்கிற கேள்வியா அது? எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அடுத்த வருடம் வேறு ஆள் என்றும் முடிவு செய்துவிட்டார்கள்.

அக்கா அழுதுகொண்டு உட்காரும் ரகம் இல்லை. மறுவாரமே என்னையும் இழுத்துக்கொண்டு ஆற்றோரமாக மேலே நடந்தார். போன வருடம் வந்த மாத்திரைத் தொழிற்சாலையின் பின்புறம் ஒரு குழாய், ஆற்றுக்குள் நுரை தள்ளிக்கொண்டிருந்தது. குழாய்க்கு மேலே கங்கோங் கீரை செழித்துக் கிடந்தது. கீழே எல்லாம் மஞ்சளாகச் சூம்பிப் போயிருந்தது. நாங்கள் தண்ணீர் எடுக்கும் இடம் அதற்கும் கீழே.

இரண்டு இடத்துத் தண்ணீரையும் எடுத்துவந்து இரண்டு சட்டியில் விதைத்தார் அக்கா. ஒன்பதாம் நாள் ஒன்று ஒரு சாண், மற்றது இரண்டு விரற்கடை. இரண்டையும் தூக்கிப்போய்க் கோயில் கமிட்டி மேசைமேல் வைத்து, குழாயைப் பற்றிச் சொன்னார்.

மணியம் கதவைப் பார்த்தார். "அலமாக்... நம்ம அன்னதானமே அந்த ஃபேக்டரிக்காரங்க குடுத்ததுதான், அக்கா. பெரிசு பண்ணாதீங்க. இனிமே பைப் தண்ணி ஊத்திக்கலாம் லா."

அம்மன் வழக்கத்தை ஒரு நிமிடத்தில் மாற்றுவார்களாம், ஃபேக்டரியை ஒரு வார்த்தை கேட்கமாட்டார்களாம்! சோறு போட்டவன் வாயையும் சேர்த்து அடைத்துவிட்டான்.

அக்கா பையிலிருந்து ஒரு செம்பை எடுத்தார். டம்ளரில் ஊற்றி மணியத்தின் முன்னால் வைத்தார்.

"முளைப்பாரிக்கும் அம்மன் கரகத்துக்கும் எடுத்த அதே எடத்துத் தண்ணி. தீட்டு என்கிட்டன்னு சொன்னீங்க, அப்ப இது சுத்தம்தானே? ஒரு மடக்கு குடிங்க தம்பி."

மணியம் டம்ளரைத் தொடவில்லை. அங்கிருந்த ஏழு பேரில் ஒருவர்கூடக் கை நீட்டவில்லை.