விமானம் கட்டிய வளையம்

எங்கள் ஊர்க் களத்தின் ஓரத்தில், காரைக்குள் பதித்த கொக்கியில் ஓர் இரும்பு வளையம் கிடக்கிறது. வெள்ளைக்காரன் சண்டைக் காலத்தில், குஜிலியம்பாறைக்குக் கிழக்கே இருக்கும் இந்தப் பொட்டலில் சின்ன விமானங்கள் வந்து இறங்குமாம். ஆடிக் காற்று புரட்டிவிடாமல் இருக்க, இறக்கையில் கயிறு போட்டு இப்படிப்பட்ட வளையங்களில் கட்டிவைப்பார்களாம். அவர்கள் போன பிறகு, மழை பொய்த்துப் பிழைக்க வந்த சில குடும்பங்கள் இங்கே குடிசை போட்டன. முதலில் வந்தவள் என் அத்தை. புருஷனை இழந்தவள். கையில் ஒரு பசு, இடுப்பில் தாயில்லாத நான். வந்து நின்றதும் பசுவை அந்த வளையத்தில்தான் கட்டினாளாம்.

விமானம் ஓடிய தரை, சரளை போட்டு இறுக்கியது. ஏர் இறங்காது. அதனால் அதையே களமாக்கிக்கொண்டோம். கடலை காயப் போட அப்படி ஒரு தரை வேறெங்கும் கிடையாது. திண்டுக்கல் மண்டியில் எங்கள் ஊர்க் கடலை என்றால் மண் இருக்கிறதா என்று கைவிட்டே பார்க்க மாட்டார்கள். அது கிடக்கட்டும், அத்தையைப் பற்றிச் சொல்ல வந்தேன்.

விமானக்காரர்கள் ஒருநாள் திரும்பி வந்து, எழுந்து போ என்று சொல்லிவிடுவார்கள் என்பது அவள் பயம். அதற்காகவே வாரந்தோறும் அந்த வளையத்துக்கு விளக்கெண்ணெய் போட்டுத் தேய்ப்பாள்.

"ஏத்தா, தலைக்கு எண்ணெ இல்லாட்டியும் இரும்புக்குத் தவற மாட்டேங்குதே" என்று பக்கத்துக் குடிசை மாமன் கேலி பேசுவார்.

"அவுக வந்து பாக்கையில துரு இருக்கக் கூடாதுல்ல. நம்ம பொருள நல்லா வச்சிருக்காகன்னு தோணுனா, இருந்துட்டுப் போகட்டும்னு விட்ருவாக."

பிற்பாடு பட்டா வந்தது. அப்போதும் அவள் மனம் ஆறவில்லை. "இது கவருமெண்டு குடுத்தது அப்பு. விமானக்காரவுக குடுக்கலையே" என்றாள். படுக்கையில் விழுந்த பிறகும், "அவுக வந்தா, நல்லா வச்சிருக்கோம்னு நீ சொல்லிரு" என்பாள். அவள் போன பிறகு எண்ணெய் போடுவது என் வேலையாயிற்று.

நாங்கள் இங்கே வந்ததை வருஷாவருஷம் பொங்கல் வைத்துக் கொண்டாடுவோம். இந்த வருஷம் பையன்கள் தெர்மாகோலில் விமானம் செய்து மேடை போட்டார்கள். வளையத்தைப் பெயர்த்து மேடையில் வைப்பதாக முதல் நாளே டிராக்டரோடு வந்தார்கள். நான் அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன்.

"ஏலே, நம்ம பொருளா இது? கேக்காமப் புடுங்குவீகளோ?"

"யார்ட்ட தாத்தா கேக்க? லண்டனுக்கா போக?"

"நாளைக்கு ஒருத்தரக் கூப்பிட்டிருக்கீகல்ல, அவர்ட்டக் கேளு."

கூப்பிட்டிருந்தவர் விமானம் ஓட்டி ஓய்வு பெற்றவர். மறுநாள் அவர் காரை விட்டு இறங்கியதும் களத்து ஓரத்துக்கு அழைத்துப்போய், அத்தை சொன்னதையெல்லாம் சொன்னேன். "நல்லாத்தான் வச்சிருக்கோம், பாத்துக்கங்க" என்றேன். அவர் சிரிக்கவில்லை. குத்தவைத்து வளையத்தைப் புரட்டினார். சத்தமில்லாமல் புரண்டது. விரலில் ஒட்டிய எண்ணெயைத் தேய்த்துப் பார்த்தார்.

"எங்களுக்கு இது வேணாங்கய்யா. இருந்த எடத்துலயே இருக்கட்டும். நீங்க மாட்டையே கட்டிக்கங்க."

நேற்றிலிருந்து களத்தில் நின்ற டிராக்டர் திரும்பிப் போயிற்று.

அவர் கார் கிளம்பியதும் எங்கள் பசுவைக் கொண்டுவந்து அதில் கட்டினேன். மடியில் எண்ணெய்ப் புட்டி இருந்தது. இனி யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. ஆனால் இப்போது அது எங்கள் வளையம் ஆயிற்றே. துரு ஏற விட முடியுமா? உட்கார்ந்து தேய்த்தேன்.